கதைய புள்ளைகளோட சொந்தக் கதையா மாத்துறது எப்படி

சாயங்கால வகுப்புல இங்கிலீஷ் கதை சொல்லிக் குடுக்குறவங்க முதல்ல 'வாட் இஸ் த மாரல்'ங்குற கேள்விய விட்ருங்க. அதக் கேட்டா மூணாப்பு புள்ளைக கூட 'ஒற்றுமையே பலம்'னு மனப்பாடமா ஒப்பிச்சிட்டு போயிரும், கதை காதுல விழுந்துச்சான்னே தெரியாது. 'இந்த மாதிரி உனக்கு நடந்திருக்கா'ன்னு கேக்குறதும் பத்தாது, 'இல்ல மிஸ்'னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. கேள்வி சின்னதா இருக்கணும், அவங்க தெருவுல நடக்குறதா இருக்கணும்.

தாகம் எடுத்த காக்கா கதையவே எடுத்துக்கங்க. 'லாரி தண்ணி வந்தா உங்க வீட்ல யாரு குடத்த வரிசைல வைப்பா, உன் முறை வர்றப்ப தண்ணி தீந்துட்டா என்ன பண்ணுவ'ன்னு கேட்டீங்கன்னா மதுரைல செல்லூர்லயோ ஆரப்பாளையத்துலயோ இருக்குற புள்ளைக ஆளுக்கு ஒரு சண்டைக் கதையோட எந்திரிச்சு நிக்கும். தமிழ்லயே பேசட்டும், குறுக்க போய் 'இன் இங்கிலீஷ்'னு நிறுத்துனீங்க, அதோட போச்சு. பேசி முடிச்சப்புறம் அதுலருந்து ஒரே ஒரு வரிய எடுத்து இங்கிலீஷ்ல குடுங்க. 'த க்ரோ லுக்ஸ் ஃபார் வாட்டர், ஐ வெயிட் ஃபார் வாட்டர்', இவ்ளோ போதும். அந்த 'வெயிட்' அவனோட சொந்த வார்த்தை ஆயிரும். வீட்ல சௌராஷ்டிரா பேசுற புள்ளைக மதுரைல நெறைய, அவங்க பக்கத்துல இருக்குறவன்கிட்ட அந்த பாஷையிலயே முதல்ல சொல்லிப் பாக்கட்டும், உங்களுக்குப் புரியலன்னாலும் பரவால்ல.

இப்ப முக்கியமான விஷயம். 'கதையில நாய் வருது, எங்க வீட்லயும் நாய் இருக்கு'ன்னு ஒண்ணு கண்டிப்பா சொல்லும். சபாஷ்னு சொல்லிட்டு நகர்ந்துறாதீங்க, அது பாதிதான். 'சரி, உங்க நாய் என்ன பண்ணும், அப்ப கதையில வர்ற நாய் ஏன் அப்படி ஓடுச்சுன்னு நெனைக்கிற'ன்னு திரும்ப கதைக்குள்ளயே இழுத்துட்டு வரணும். காக்கா கதையில 'மிஸ் நான்னா மக்குல மோந்து ஊத்துவேன்'னு ஒருத்தன் சொல்லுவான், அப்ப காக்காகிட்ட மக் இல்லையே, அது வாய்ல எதத் தூக்க முடியும்னு கேளுங்க, கல்லு ஏன் வந்துச்சுங்குறது அங்கதான் புரியும்.

தெரியாத ஊர் கதை, பனி கினி கொட்டுற கதைன்னா நேரா அதுல இறங்காம ஊர்க் கதை ஒண்ண முன்னாடி போடுங்க. புட்டுக்கு மண் சுமந்த கதை இருக்கே, வைகை கரைய அடைக்க வீட்டுக்கு ஒரு ஆளுன்னு உத்தரவு, வந்திக் கிழவிக்கு ஆள் இல்ல, சொக்கநாதர் கூலியாளா வந்து உதிர்ந்த புட்டத் தின்னுட்டு வேலை செய்யாம தூங்குறாரு, பாண்டியன் பிரம்பால அடிச்சா அந்த அடி எல்லார் முதுகுலயும் விழுது. ஆவணில புட்டுத்தோப்பு திருவிழாவுக்குப் போன புள்ளைக நீங்க ஆரம்பிக்குறதுக்குள்ள முடிச்சிருவாங்க (எல்லா வீட்டுப் புள்ளைகளுக்கும் தெரியும்னு நெனைக்காதீங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சொல்லட்டும்). 'ஒருத்தன் பண்ணதுக்கு மொத்த கிளாசும் திட்டு வாங்குனது எப்ப'ன்னு கேட்டுட்டு அப்புறம் உங்க இங்கிலீஷ் கதைக்குப் போங்க.

ஒரு எச்சரிக்கை. அப்பா, அம்மா, வீடுன்னு வர்ற கதைகள்ல எல்லாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீங்க. சிலதுக்கு வீட்டு நெலம சரியிருக்காது. படம் வரைஞ்சு வச்சுக்கட்டும், காட்டலன்னாலும் விடுங்க. இல்லன்னா 'அந்தப் பாட்டிக்கு நீ என்ன சொல்லுவ'ன்னு கதை ஆள் மேலயே கேள்விய வச்சிருங்க.

புத்தகத்துக்கு காசு செலவழிக்க வேண்டியதில்ல. ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச தளத்துல நெறைய கதை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இலவசமா கெடைக்கும், 1லருந்து 4 வரைக்கும் லெவல் போட்டிருக்கும், புதுசா படிக்குறவங்களுக்கு 1 போதும். நேர்ல எடுத்துப் புரட்டணும்னா மதுரை நத்தம் ரோட்டுல 2023 ஜூலைல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, ஒரு சனிக்கிழம புள்ளைகளையே கூட்டிட்டுப் போய் எடுக்கச் சொல்லுங்க, அவங்க எடுக்குறது பெரும்பாலும் நாம எடுக்குறத விட நல்லாவே இருக்கும்.