வன்னிக் காட்டில் இரவு தங்கப் போகிறவர்கள் துவக்கு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளும், கொழும்பில் வேலை செய்கிற நண்பர்களும் இப்போது வன்னிக் குளக்கரைகளில் கூடாரம் போட்டு ஓரிரு இரவு தங்க ஆசைப்படுகிறார்கள். முத்தையன்கட்டா, வவுனிக்குளமா, இரணைமடுவா என்று இடம் விசாரிக்கிறார்கள். நல்ல ஆசைதான். கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது: "காட்டுக்க நிக்கிற நேரம் ஒரு துவக்கு கையில இருந்தா பாதுகாப்புத்தானே, ஆரிட்டையும் வாங்கித் தரலாமோ?"

வயல் காவலுக்குத் துவக்கோடு கொட்டிலில் படுத்து எழும்பின குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வன்னிக் காட்டில் உங்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளில் அநேகமானவற்றுக்குத் துவக்கு எந்த உதவியும் செய்யாது. சிலவற்றை அதுவே கொண்டுவரும்.

முதல் தவறு இரவல். இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பயிர் காவலுக்கென்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எடுத்த அனுமதிப்பத்திரத்தில் மாமாவின் பெயர் இருந்தால் அந்தத் துவக்கு மாமாவின் கையில்தான் இருக்க வேண்டும். ஒரு இரவுக்கு என்று மருமகன் தூக்கிக்கொண்டு போய்ப் பிடிபட்டால் இரண்டு பேரும் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. வருடம் பிறந்தும் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் அது வெறும் கடதாசி. தற்பாதுகாப்புக்கென்று அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு. 2024 இன் கடைசியில் அப்படி ஏற்கெனவே கொடுத்த துவக்குகளையே மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். குளக்கரையில் இரண்டு நாள் தங்கப் போகிறேன் என்று காரணம் சொல்லி அனுமதி எடுக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் 2010 பெப்ரவரியில் இருந்து, அந்தந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் தேசியப் பூங்காவுக்குள்ளும் துவக்கு கொண்டுபோகலாம். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு இது சாதாரணமாகத் தெரிவதில் பிழை இல்லை. இங்கே 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் துவக்கோடு நிற்பதே குற்றம், நீங்கள் சுட்டாலும் சரி, சுடாவிட்டாலும் சரி. வில்பத்தை எல்லோருக்கும் தெரியும். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசியப் பூங்காக்கள் ஆகிவிட்டன என்பது ஊர்க்காரருக்கே பலருக்குத் தெரியாது. எல்லை எங்கே தொடங்குகிறது என்று காட்ட எல்லா இடத்திலும் வேலி நிற்காது. ஒதுக்குக் காடு என்றால் வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இடத்தை முடிவு செய்யமுதல் கிராம அலுவலரிடம் அந்தக் காணி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். கரடியை விரட்டுகிற மிளகுத் தெளிப்பானை வெளிநாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாமே என்றும் சிலர் யோசிக்கிறார்கள். அதை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

இதைவிட மோசமானது, யாரோ ஒருவரிடம் இருக்கிற இடியனை வாங்கிக்கொண்டு போவது. இடியன் அநேகமாக அனுமதி இல்லாதது. குழாயில் ஊரிலேயே செய்தது. அதற்குள் எவ்வளவு வெடிமருந்து இடித்திருக்கிறார்கள், ஈயக்குண்டு போட்டார்களா, இரும்புத் துண்டு போட்டார்களா என்பது இடித்தவனுக்குத்தான் வெளிச்சம். மருந்து கூடினால் குழல் வெடித்துச் சுடுகிறவனுடைய விரலும் கண்ணும் போகும். ஒருமுறை இடித்தால் சுட்டுத்தான் காலியாக்குவார்கள். அதனால் அது எப்போதும் நிரப்பினபடியே கொட்டில் மூலையில் சாத்திக் கிடக்கும். இருட்டில் ஒருவர் எழும்பிக் காலால் தட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யானைக்குத் துவக்கு

கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் மனதில் இருப்பது யானைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் இருக்கிற பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு யானையை நிறுத்தாது. சன்னம் தோலுக்குள் போய் நிற்கும், புண்ணாகும், சீழ் பிடிக்கும். அந்த நோவோடு திரிகிற யானை நாலு நாள் கழித்து வேறொரு ஊரில், விடியப்புறம் சைக்கிளில் வயலுக்குப் போகிற ஒருவரைத் துரத்தும். சுட்டவர் அப்போது கொழும்பு பஸ்ஸில் இருப்பார். 2023 இல் மட்டும் நாடு முழுவதும் 400 க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. 150 க்கு மேற்பட்ட மனிதர்கள் யானையால் இறந்தார்கள். இந்தப் பகையில் கடைசியில் அடி வாங்குவது அங்கேயே நிரந்தரமாக இருக்கிற விவசாயிதான்.

வெடிச் சத்தத்துக்கு விலகிவிடும் என்று சொல்வார்கள். சில நேரம் விலகும். வெடி கேட்டே பழகின தனியன் யானை விலகாது. குட்டியோடு நிற்கிற கூட்டம் சத்தம் வந்த பக்கமே திரும்பி வரும். எது எப்படி நடக்கும் என்று ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்து முதியவர் ஒருவர் பேரனின் நண்பர்களுக்குச் சொன்னது இது: "யானை நிக்கிற இடத்தில துவக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன தம்பி. காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு முதல் பார்."

காற்று உங்கள் பக்கமிருந்து யானைக்குப் போனால் உங்களைக் காணமுதலே அதற்குத் தெரியும். அது பெரும்பாலும் தன் பாட்டில் விலகிப் போகும். ஆபத்து எங்கே வருகிறது என்றால், அது போகிற வழியிலேயே நீங்கள் கூடாரம் அடித்திருக்கும்போதுதான். இடத்தை வெளிச்சம் இருக்கிற நேரத்திலேயே நடந்து பாருங்கள். பற்றைக்கு நடுவே புல் இல்லாமல் மெழுகின மாதிரி அகலமான பாதை தண்ணீர்ப் பக்கம் போகிறதா, பாலை, முதிரை மரங்களின் அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே காய்ந்த சேறு தேய்த்திருக்கிறதா, யானைப் பிண்டம் (இலத்தி) கிடக்கிறதா என்று கவனியுங்கள். பிண்டம் ஈரமாக மினுங்கினால் அது கிட்டடியில்தான் நிற்கிறது. அங்கே தங்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் சிறிய குளங்கள் வற்றினபிறகு மிஞ்சின தண்ணீரைத் தேடித்தான் எல்லா மிருகமும் வரும் என்பதால், அந்த மாதங்களில் நீர்க்கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. நெல்லுக்கும் உப்புக்கும் யானை வீட்டுச் சுவரையே இடிக்கிறது. கூடாரத் துணி எம்மாத்திரம்? வாழைப்பழச் சீப்பையும் அரிசிப் பையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பது, துவக்கு இல்லாமல் போவதைவிடப் பெரிய முட்டாள்தனம். மரத்தில் உயரக் கட்டலாம் என்றால், எங்களுக்கு எட்டுகிற உயரம் தும்பிக்கைக்குத் தாராளமாக எட்டும். பக்கத்தில் இருக்கிற வீட்டில் சாமானைக் கொடுத்துவைத்துவிட்டு, அந்த நேரத்துக்குச் சமைக்கிற அளவை மட்டும் எடுத்துவாருங்கள். இன்னும் நல்லது, காவல் கொட்டில் உள்ள தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய மின்வேலிக்கு உள்பக்கமாகத் தங்குவது.

கரடியின் கதை வேறு. வைகாசி, ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் கரடி மரத்திலேயே ஏறி நிற்கும். மனிதனைத் தேடி வருகிற மிருகம் இல்லை அது. திடீரென்று கிட்டத்தில் சந்தித்தால் பயத்தில் பாய்ந்து முகத்தைக் கிழிக்கும். தேன் எடுக்கப் போகிறவர்கள் காயப்படுவது இப்படித்தான். பாய்கிற தூரம் சில அடிகள்தான். தோளில் கிடக்கிற துவக்கைக் கழற்றி நிமிர்த்த அந்த நேரம் போதாது. காட்டுக்குள் ஆட்கள் உரக்கக் கதைத்துக்கொண்டு, கோடரிப் பிடியால் மரத்தில் தட்டிக்கொண்டு நடப்பது காரணத்தோடுதான். சத்தம் கேட்டால் அது முதலே ஒதுங்கிவிடும். பழம் விழுந்து கிடக்கிற பாலை மரத்தின் கீழ் நிழல் நன்றாக இருக்கும். ஆனாலும் அங்கே படுக்கை வேண்டாம்.

பாம்பைச் சுடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இரவில் கூடாரத்துக்குள் வரக்கூடியது அதுதான். எட்டடி விரியன் நிலத்தில் நித்திரை கொள்கிறவர்களைக் கடிக்கும். வலியும் பெரிதாகத் தெரியாது. விடியும்போது கண்ணிமை தூக்க முடியாமல் இருக்கும். நிலத்தில் பாய் போடாமல் கட்டிலோ பரணோ பிடியுங்கள். கூடாரம் என்றால் சிப்பை (zip) முழுக்க மூடி, ஓரங்களை வடிவாகச் சொருகிவிட்டுப் படுங்கள். இருட்டில் காலடியில் டோர்ச் அடிக்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம், புடையன் பாம்பு விலகிப் போகாமல் சுருண்டே கிடக்கும்.

உங்களைச் சுடக்கூடிய துவக்கு

வன்னிக் காட்டில் வெளியாட்களுக்குச் சொல்லவே மறந்துபோகிற ஆபத்து கட்டுத்துவக்கு. பன்றிக்கென்று மிருகத் தடத்தின் ஓரத்தில் ஒரு குழலை முழங்கால் உயரத்துக்குக் கட்டி, தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ தங்கூசி நூலோ இழுத்துவிட்டிருப்பார்கள். கால் பட்டால் வெடிக்கும். பன்றிக்கும் மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பாதுகாப்புக்கென்று துவக்கு வைத்திருக்கிறவனுக்கு ஒரு துணிச்சல் வந்துவிடும். சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கச் சொல்லும் அந்தத் துணிச்சல்தான் அவனை இரவில் ஒற்றையடிப் பாதைக்குள் இறக்குகிறது. இரவில் தடங்களில் இறங்காதீர்கள். பகலில் போவதாக இருந்தாலும் அந்த ஊர் ஆள் ஒருவரை முன்னால் விட்டுப் போங்கள், எங்கே யார் என்ன கட்டியிருக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும்.

மிதிவெடியையும் மறக்க வேண்டாம். கண்ணிவெடி தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றும் வேலை நிறையவே நடந்திருக்கிறது, ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை இன்றும் காணலாம். பலகை இல்லை என்பதால் நிலம் சுத்தம் என்று எடுக்கவும் கூடாது. பலர் யோசிக்காத விஷயம் நெருப்பு. மண்ணுக்குக் கீழே வெடிக்காத செல் ஒன்று கிடந்தால், மேலே மூட்டின அடுப்பின் சூட்டிலேயே அது வெடிக்கும். குப்பை கொளுத்தும்போது இப்படி நடந்திருக்கிறது. ஆகவே பழைய அடுப்புக்கல் கிடக்கிற இடத்தில், ஆட்கள் வழமையாகச் சமைக்கிற இடத்தில் மட்டும் நெருப்பு மூட்டுங்கள். புதுக்குழி வெட்டாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

இருட்டில் துவக்கோடு நிற்கிற ஒருவரைக் காவலுக்கு நிற்கிற பக்கத்து வயல்காரர் எப்படிப் பார்ப்பார், ரோந்து போகிற பொலிசார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். போர் முடிந்தது 2009 இல். அந்தக் காட்சிக்கு இங்கே இன்னும் ஒரே அர்த்தம்தான்.

சட்டப்படி துவக்கு உள்ளவருக்கு

சரி, உங்களோடு தங்குகிற தோட்டக்காரரிடம் அனுமதி உள்ள துவக்கு இருக்கிறது, அவர் காவலுக்கு வருகிறார் என்று வைப்போம். அது அவருடைய வேலை. நீங்கள் வாங்கிப் பார்க்கவோ பிடித்துப் படம் எடுக்கவோ கேட்காதீர்கள். அவர் பக்கத்தில் நான் கண்ட தவறுகள் மூன்று.

ஒன்று, தோட்டாவோடு பரணில் ஏறுவது. துவக்கை முறித்துத் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகு கயிற்றில் கட்ட வேண்டும். வாய் நிலத்தைப் பார்க்கக் கட்டிவிட்டு, ஆள் வெறுங்கையோடு ஏறி மேலே இருந்து இழுக்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். தோளில் போட்டபடி ஏறும்போது ஏணியில் ஒரு படி முறிந்தால் கீழே நிற்கிறவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

இரண்டாவது, டோர்ச் வெளிச்சத்தில் மினுங்கின கண்ணுக்குச் சுடுவது. மாட்டுக்கும் கண் மினுங்கும், நாய்க்கும் மினுங்கும். பற்றை அசைந்தால் வெளிக்குப் போன ஆளாகவும் இருக்கலாம். புது ஆட்கள் தங்குகிற இரவில் யார் எங்கே போகிறார்கள் என்று தோட்டக்காரருக்குத் தெரியாது. ஆகவே எழும்பிப் போகமுதல் குரல் கொடுத்துவிட்டுப் போவது உங்கள் பொறுப்பு. மூன்றாவது குடி. போத்தல் திறக்கிற இரவில் துவக்கு வீட்டுக்குள் பூட்டில் இருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே போன சன்னத்தைத் தோண்டாதீர்கள். பாம்புக்கடி என்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கை, காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. வழக்கு வரும் என்று பயந்து கட்டுத்துவக்குக் காயத்தை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது வன்னியில் கால் போவதற்கு ஒரு காரணம். காட்டுக்குள் இறங்கினதும் கைபேசிச் சிக்னல் போய்விடும் என்பதால், எந்த மேட்டில் நின்றால் அழைப்பு எடுக்கும் என்று பின்னேரமே பார்த்து வையுங்கள். கிளிநொச்சி, மாஞ்சோலை (முல்லைத்தீவு), வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில் எது கிட்ட என்பதையும், அங்கே போகிற கிரவல் பாதை மழைக்குத் தாங்குமா என்பதையும் அந்த ஊர் உழவு இயந்திரக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அவருடைய நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.