பாதி மாத்திரையும் பழைய குரலும்

இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் வருவது போன்ற மனநோய் அறிகுறிகளை அடக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரையை, 4 மில்லிகிராம் அளவில் எடுத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் தூக்கம், எடை வேறு ஏறியது. யாரிடமும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தேன். முதல் 3 வாரம் நன்றாகவே இருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். அளவு குறைந்தால் நோய் மறுநாளே திரும்பிவிடுவதில்லை. பெரும்பாலும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

முதலில் தூக்கம் போனது. இரவு 3 மணிக்கு, மின்விசிறிச் சத்தத்துக்குள் யாரோ என் பெயரை மெல்லச் சொல்வதுபோல் கேட்டது. அப்புறம் ஒருநாள், அக்கா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் முகர்ந்து பார்த்தேன். அவள் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் அவளோடு போய் மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பழைய அளவுக்கே கொண்டுவந்து, முழுவதையும் இரவில் போடச் சொன்னார். பகல் தூக்கம் பெருமளவு குறைந்தது. குரல் அடங்க 5 வாரம் ஆனது. பக்கவிளைவு தாங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நேரத்தையோ மருந்தையோ முன்பே மாற்றியிருப்பார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி வைத்திருக்கிறேன். தொடர்ந்து 2 இரவு தூங்காவிட்டால் அக்காவே மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவாள்.