சிறிய கல்லூரியின் ஓட்ட அணிக்கு மாணவர்களைச் சேர்ப்பது எப்படி: புதிய பயிற்றுநருக்கான செய்முறை

அமெரிக்காவின் சிறிய கல்லூரி ஒன்றில் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு, காட்டுப் பாதைகளில் நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) அணியின் பொறுப்பை ஏற்பவருக்கு, ஓட வருபவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் பயிற்சி தருவதைவிடப் பெரிய வேலை என்பது முதல் மாதத்திலேயே புரிந்துவிடும். நான் சில ஆண்டுகள் துணைப் பயிற்றுநராக இருந்து இந்த வேலையைச் செய்தவன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 1973-ல் அந்த அமைப்பு மூன்று பிரிவுகளாக்கப்பட்டபோது உருவான இப்பிரிவில் இன்று நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அங்கே விளையாட்டுத் திறனுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தர முடியாது. கையில் பணம் இல்லாமல் ஆள் சேர்க்க வேண்டியிருப்பதால், உதவித்தொகை தரும் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து நகல் எடுக்கும் முறைகள் இங்கே பெரும்பாலும் பயன்படுவதில்லை.

முதல் படி: ஐந்தாவது ஆள் யார் என்று பாருங்கள்

கிராஸ் கன்ட்ரியில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடினாலும், முதலில் முடிக்கும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவதே அணியின் புள்ளி. கூட்டுத்தொகை குறைந்த அணி வெல்லும். புதிய பயிற்றுநர் பலரும் ஒரு நட்சத்திர வீரரைத் தேடி முதலாண்டைச் செலவழிக்கிறார்கள். அது ஏன் வீண் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். உங்கள் அணியினர் 1, 9, 17, 26, 62 ஆகிய இடங்களில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், கூட்டுத்தொகை 115. எதிரணியினர் 12, 15, 19, 22, 27 ஆகிய இடங்களில் முடித்து 95 புள்ளிகளோடு வெல்கிறார்கள். பந்தயத்தையே வென்ற வீரர் உங்களிடம் இருந்தும் அணி தோற்றுவிட்டது. இப்போது ஐந்தாமவர் மட்டும் 62-லிருந்து 40-ஆம் இடத்திற்கு முன்னேறினால் கூட்டுத்தொகை 93 ஆகி வெற்றி உங்கள் பக்கம் வந்துவிடும். நடுக்கூட்டத்தில் ஓடுபவர்கள் அடுத்தடுத்து நெருக்கமாக முடிப்பதால், அந்த இருபத்திரண்டு இடங்கள் அரை நிமிட வித்தியாசத்திற்குள்கூட அடங்கிவிடக்கூடும். அரை நிமிடம் வேகமாக ஓடக்கூடிய ஐந்தாமவரைப் பிடிப்பது, மாநிலச் சாம்பியனைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு எளிது.

ஆகவே முதலில் உங்கள் அணிப் பட்டியலை எடுத்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறப்போகிறவர்களைக் குறித்துவிட்டு, மீதமுள்ளவர்களில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இடங்களில் யார் நிற்பார்கள் என்று எழுதுங்கள். அதன்பின் கல்லூரிப் போட்டி முடிவுகள் கிடைக்கும் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். தளத்தில் உங்கள் லீகிலுள்ள மற்ற அணிகளின் ஐந்தாமவர் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறார் என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் உங்கள் தேடலின் அளவுகோல்.

இரண்டாம் படி: சேர்க்கை அலுவலகத்தைக் கூட்டாளியாக்குங்கள்

இது சுருக்கமான படிதான், ஆனால் தவறவிடக் கூடாதது. எந்த மதிப்பெண் சராசரிக்குக் கீழே விண்ணப்பம் நிற்காது, கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவுகள் இல்லை, எந்தப் பகுதியிலிருந்து மாணவர்கள் அதிகம் வருகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்களிடம் விடை வாங்குங்கள். பொறியியல் படிக்க விரும்பும் மாணவனுக்கு அந்தப் பாடமே இல்லாத கல்லூரியிலிருந்து ஆறு மாதம் தொலைபேசியில் பேசுவது இருவருக்கும் வீண். அவர்களும் உங்களை வரவேற்பார்கள். அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-ல் ஏறக்குறைய 43 லட்சமாக உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. அந்த ஆண்டுக் குழந்தைகள் 2025-ஐ ஒட்டிப் பள்ளியை முடித்துவிட்டார்கள், இனிப் பள்ளியை முடிப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். கல்விக் கட்டணத்தை நம்பி நடக்கும் சிறிய கல்லூரிக்கு, நீங்கள் அழைத்துவரும் பத்து ஓட்டக்காரர்கள் பத்து மாணவர்களும்கூட.

மூன்றாம் படி: பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள்

பள்ளி மாணவர்களின் நேரங்கள் அத்லெட்டிக் டாட் நெட், மைல்ஸ்பிளிட் ஆகிய தளங்களில் கிடைக்கின்றன. காரில் நான்கு மணி நேரத்தில் வரக்கூடிய தொலைவை முதல் வட்டமாகக் கொண்டு, அதற்குள் இருக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிலிருந்து தொடங்குங்கள்.

நேரங்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளி கிராஸ் கன்ட்ரி பெரும்பாலும் 5 கிலோமீட்டர். கல்லூரியிலோ ஆண்கள் பொதுவாக 8 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டரும் ஓடுகிறார்கள். தவிரவும், மேடும் சேறும் நிறைந்த ஒரு பாதையில் எடுத்த 5 கிலோமீட்டர் நேரத்தைச் சமதளப் பாதையில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட முடியாது. ஆதலால் வசந்த காலத்தில் தடகளப் பாதையில் ஓடிய 1600, 3200 மீட்டர் நேரங்களையே நான் முதலில் பார்ப்பேன். ஒரே மாணவரின் 1600 நேரத்தைவிட 3200 நேரம் ஒப்பீட்டளவில் சிறப்பாக இருந்தால், தூரம் கூடும்போது அவர் இன்னும் நன்றாக ஓடக்கூடும் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

அதைவிட முக்கியமானது, நேரம் எந்த வழியில் வந்தது என்பது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வாரத்திற்கு அறுபது மைல் ஓடி ஓர் இடத்தில் நின்றுபோன மாணவரும், பத்தாம் வகுப்பு வரை கால்பந்து ஆடிவிட்டு வாரத்திற்கு இருபத்தைந்து மைல் மட்டும் ஓடும் மாணவரும் ஒரே நேரத்தைக் காட்டலாம். இரண்டாமவரைத்தான் நான் முதலில் அழைப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்பதாம் வகுப்பு முதலான ஒவ்வோர் ஆண்டு நேரத்தையும் ஒரே வரிசையில் எழுதிவைத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் படி: முதல் மின்னஞ்சல்

மூன்றாம் பிரிவில் மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் வயது வரம்பு எதுவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் தொடர்புகொள்ளலாம். பள்ளிப் போட்டி நடக்கும் இடத்திற்குச் சென்றால் மட்டும் வேறு கதை: போட்டி முடிந்து, மாணவரை அவருடைய பயிற்றுநர் விடுவிக்கும் வரை நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், எந்த ஐயத்தையும் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மின்னஞ்சல் ஆறேழு வரிகளைத் தாண்டக் கூடாது. மாணவரின் குறிப்பிட்ட ஓர் ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி, உங்கள் அணியில் அவருக்கு எந்த இடம் இருக்கிறது என்று ஒரு வரி, அவர் படிக்க விரும்புவது என்ன என்று ஒரு கேள்வி, அவ்வளவு போதும். நான் முதலாண்டில் ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு, பெயரை மட்டும் தானாக மாற்றும்படி அமைத்து அனுப்பினேன். விரிதாளில் ஒரு வரிசை நழுவிவிட்டதால், 3200 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணுக்கு அவருடைய குண்டு எறிதலைப் பாராட்டிக் கடிதம் போயிருந்தது. அவர் மிகவும் பண்போடு, தாம் குண்டைத் தொட்டதே இல்லை என்று பதில் எழுதினார். அதன்பின் ஒரு நாளைக்குப் பத்துக் கடிதங்களுக்கு மேல் அனுப்புவதில்லை, ஒவ்வொன்றையும் கையாலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பதில் வரும்போது அன்றைக்கே மறுபதில் எழுதுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் மூன்று வாரம் கழித்துத்தான் எழுதுவார், சில நேரம் எழுதவே மாட்டார். உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் மேன்மை அதுதான்.

ஐந்தாம் படி: பேசுங்கள், பெற்றோரிடமும் பேசுங்கள்

முதல் தொலைபேசி உரையாடலில் கல்லூரியைப் புகழ்வதைக் குறைத்து, வாரத்திற்கு எத்தனை மைல், கடைசிக் காயம் எப்போது, தனியாக ஓடப் பிடிக்குமா கூட்டத்தோடு ஓடப் பிடிக்குமா என்று கேளுங்கள். அணியில் அவருடைய இடத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஒன்பதாவது ஆளாக வரக்கூடியவரிடம் ஏழாவது ஆள் என்று சொன்னால், செப்டம்பர் மாத முதல் போட்டியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். அவர் அணியைவிட்டு விலகும்போது நண்பர்கள் ஓரிருவரையும் கூடவே அழைத்துச் சென்றுவிடுவார்.

பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி, சிறிய கல்லூரிக்குப் போனால் ஓட்டம் அதோடு முடிந்துவிடுமா என்பது. அதற்குச் சான்றுகள் உண்டு. ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பல்கலைக்கழகம் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அங்கே படித்த நிக் சிம்மண்ட்ஸ் இரண்டு ஒலிம்பிக்கில் ஓடி, 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் படித்த கார்ல் பரன்யா, 1997-ல் ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓடினார். மூன்றாம் பிரிவு மாணவர்களில் அதைச் செய்த முதல் ஆள் அவரே. சிகாகோவுக்கு அருகிலுள்ள நார்த் சென்ட்ரல் கல்லூரியின் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி அணி பத்தொன்பது முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அங்கே 1966-ல் பொறுப்பேற்ற ஆல் கேரியஸ் தம் மாணவர்களுக்குச் சொன்னது, மகிழ்ச்சிக்காகவும் சொந்தச் சாதனைக்காகவும் ஓடுங்கள் என்பதே. ஆனால் இவற்றைச் சொல்லும்போது, உங்கள் மகனும் அப்படி ஆவான் என்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

மாணவருடைய பள்ளிப் பயிற்றுநரிடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். மழை நாளில் பயிற்சிக்கு வருவாரா என்ற ஒரே கேள்விக்கு அவர் சொல்லும் பதில், எந்தப் புள்ளிவிவரத் தளத்திலும் கிடைக்காது.

ஆறாம் படி: கல்லூரிக்கு வரவழையுங்கள்

கல்லூரி செலவை ஏற்கும் வருகைக்கு, பதினொன்றாம் வகுப்பின் ஜனவரி 1 முதல் அனுமதி உண்டு. அது 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தங்கள் செலவில் வருபவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாணவரை அணித் தலைவரோடு தங்கவைப்பதுதான் வழக்கம். என் கருத்தில் அது தவறு. முதலாண்டு மாணவர் ஒருவரோடு, முடிந்தால் இவர் படிக்க விரும்பும் பாடத்தையே படிப்பவரோடு, தங்கவையுங்கள். வீட்டை நினைத்து ஏங்கிய முதல் மாதம், சாப்பாட்டுக் கூடத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சோறு, உங்களைப் பற்றிய புகார் எல்லாவற்றையும் அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். அதைக் கேட்ட பிறகும் வர விரும்புபவர் நான்கு ஆண்டும் இருப்பார். ஒரு வகுப்பில் உட்காரவைப்பதும், ஒரு பேராசிரியரோடு பதினைந்து நிமிடம் பேசவைப்பதும் கட்டாயம். ஆனால் வந்திருப்பவரை ஓடவைத்து நேரம் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். தேர்வு ஓட்டம் நடத்துவது விதிக்குப் புறம்பானது.

ஏழாம் படி: பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

பெரும்பாலான சேர்க்கைகள் இங்கேதான் உடைகின்றன. தனியார் கல்லூரியின் அறிவிப்புக் கட்டணத்தைக் கண்டதும் பல குடும்பங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விலகிவிடும். ஆனால் கல்வித் தகுதிக்கான உதவியும் குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவியும் கழிந்த பிறகு பலர் கட்டும் தொகை அதைவிட வெகுவாகக் குறையும். 2011 முதல், கூட்டாட்சி நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில், உதவி போக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் நிகரக் கட்டணக் கணிப்பான் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். இரண்டாவது உரையாடலிலேயே அதைப் பெற்றோரை நிரப்பச் சொல்லுங்கள். வரும் எண் தாங்க முடியாததாக இருந்தால், அக்டோபரில் தெரிந்துகொள்வது ஏப்ரலில் தெரிந்துகொள்வதைவிட நல்லது. எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. அதைச் சொல்லும் அதிகாரம் நிதியுதவி அலுவலகத்திற்கு மட்டுமே. அந்த அலுவலகமும் ஓட்டத் திறனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை என்.சி.ஏ.ஏ. ஆண்டுதோறும் சரிபார்க்கிறது.

முதல் பிரிவிலிருந்து உதவித்தொகை வரலாமே என்று காத்திருக்கும் குடும்பங்களிடம் நிலவரத்தை விளக்குங்கள். பல ஆண்டுகளாக அங்கே ஆண்கள் தடகளத்திற்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்திற்கு 12.6 முழு உதவித்தொகைகளே அனுமதி. அதையும் எறிபவர், தாண்டுபவர், விரைவோட்டக்காரர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். என்.சி.ஏ.ஏ. மீது கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்து, 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு நீங்கி, அதற்குப் பதில் ஆள் வரம்பு வந்துவிட்டது: கிராஸ் கன்ட்ரிக்குப் பதினேழு பேர். முன்பு உதவித்தொகை இல்லாமலே பெரிய அணிகளில் இடம்பிடித்த நடுத்தரத் திறனுள்ள ஓட்டக்காரர்கள் பலருக்கு இனி அங்கே இடமில்லை. உங்கள் ஐந்தாமவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

எட்டாம் படி: விண்ணப்பமும் முடிவும்

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன், கோடையில், மாணவரின் மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சேர வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும்படி சேர்க்கை அலுவலகத்தில் முன்பார்வைக்குக் கொடுங்கள். பல கல்லூரிகளில் இந்த ஏற்பாடு உண்டு. உங்கள் கல்லூரியே முதல் விருப்பம் என்று உறுதியாக இருப்பவர், நவம்பர் 1 அல்லது 15-ஐ ஒட்டிக் கட்டுப்படுத்தும் முன்முடிவு முறையில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்ற உறுதியோடு) விண்ணப்பிக்கலாம். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்தை அந்த வழியில் தள்ளாதீர்கள். அவர்கள் பொதுச் சுற்றில் விண்ணப்பித்து, மே 1-க்குள் முன்பணம் கட்டட்டும்.

முன்பணம் கட்டியவர்களிலும் ஓரிருவர் கோடையில் மனம் மாறுவது உண்டு. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் தொடர்பை விட்டுவிடாமல், அறைத் தோழர் யார், எந்த வகுப்புகளில் பதிவு செய்தார் என்று விசாரித்துக்கொண்டிருங்கள். மறுத்தவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதி, வேறு எங்கே போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பணம், தொலைவு, பாடப்பிரிவு, நான் பதில் எழுதத் தாமதித்தது என்று விரிதாளின் கடைசிப் பத்தியில் காரணத்தைக் குறித்து, மே மாத இறுதியில் அந்தத் தாளைச் சேர்க்கை அலுவலகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். அதே வாரத்தில் பல மாநிலங்களில் பள்ளித் தடகள இறுதிப் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும். பதினொன்றாம் வகுப்பினரின் புதிய 3200 மீட்டர் நேரங்களை அடுத்த தாளில் ஏற்றத் தொடங்கலாம்.