கண்மாய்க்கு உயிர் திரும்புகிறதா என்று பார்ப்பது எப்படி

எங்கள் ஊர்க் கண்மாயை, அதாவது பாசன ஏரியை, ஊரே வரி போட்டுத் தூர்வாரினோம். அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஆனாலும் உள்ளே முழங்கால் அளவுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கரையில் நின்று பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இப்போது அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரத்துக்காலில், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில், நடங்கள். தோண்டுவதற்கு முன்பே நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது. மழை பெய்யும்போதே குடையோடு கிளம்பி, தண்ணீர் வரும் வழியைப் பிடித்து மேலே போக வேண்டும். நான் போனபோது, ஓரிடத்தில் வண்டிப்பாதைக்காக வரத்துக்காலை மண் போட்டு மூடியிருந்தார்கள், அடியில் குழாய்கூட வைக்கவில்லை. இன்னோரிடத்தில் வயல் வரப்பு வரத்துக்காலுக்குள் இரண்டு முழம் நகர்ந்திருந்தது. மேல் கண்மாயின் கலுங்கில், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தில், மணல் மூட்டை அடுக்கியிருந்தது. நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் கீழே வரத்து. அதனால் மேல் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "ஐயா, உங்க கண்மாய் நெறஞ்சப்புறம் வழியுறதை மட்டும் விடுங்க" என்று கேட்டோம். நான்கு முறை போன பிறகு மூட்டைகளை எடுத்தார்கள். ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசப் போகும்போது புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை குறையும்.

கண்மாய்க்குள் வளர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டி விட்டுவிடாதீர்கள். நாங்கள் வெட்டினோம். அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் நாலைந்து கிளை வெடித்தது. மண்ணுக்குள் இருக்கும் தூர்க்கட்டைதான் துளிர்க்கிறது, அதைத் தோண்டி எடுக்க வேண்டும். ஆடு மாடு காயைத் தின்று, விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். அந்த நாற்றுகளை மழைக்காலத்து ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். நாட்டுக்கருவேலை மட்டும் தொடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நாரைகள் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். அந்தப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. எத்தனை பெரிய மனசு!

தூர்வாரும்போது அடியில் இருக்கும் களிமண்ணை உடைத்துவிடக் கூடாது, உடைந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் செய்த பிறகும் மனசு விட்டுப்போகும். ஒரு கண்மாய் ஒரே மழையில் மீளாது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நீர் நிறைந்ததா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். என்ன வந்தது என்று பாருங்கள், வந்த தேதியை எழுதுங்கள்.

முதல் மழை ராத்திரியில் கரைக்குப் போய்க் காது கொடுங்கள். கோடை முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடந்த தவளைகள் கத்தும். சில வாரம் தண்ணீர் நின்றால் தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சுகள் வெளியே வரும். தட்டான் கூட்டமாகப் பறந்தால் அதையும் எழுதுங்கள். அப்புறம் நத்தை. கோரைத் தண்டிலும் கல்லிலும் இளஞ்சிவப்பாக நத்தை முட்டை ஒட்டியிருந்தால் அது வேறு ஊர் நத்தை. நம்ம ஊர் ஆப்பிள் நத்தை வெள்ளையாகத்தான் முட்டையிடும். நம்ம நத்தை பெருகினால் அதைத் தின்ன நத்தைகுத்தி நாரை தேடி வரும். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அலகை வைத்தே அந்த நாரையை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கரைக்குக் கீழே இருக்கும் கிணற்றையும் விடாதீர்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அமாவாசைக்கு அமாவாசை இறக்கிப் பாருங்கள். கண்மாய் காய்ந்து கிடந்த பங்குனியில்கூட எங்கள் கிணற்றில் முந்தைய வருடத்தைவிட மூன்று முடிச்சு தண்ணீர் கூடுதலாக நின்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த அமாவாசைக்கு என்னோடு கிணற்றடிக்கு வந்தார்.

மூன்றாம் வருடம் மார்கழி 12, காலை ஆறரை மணி. நத்தைகுத்தி, இரண்டு. மடைக்குக் கிழக்கே, முட்டளவுத் தண்ணீரில்.