கேம் திரையில் எழுத்து தெரியவில்லையா? கோடோ 4-இல் எல்லோரும் படிக்கத்தக்க ஹட் அமைக்கும் முறை

2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ‘டெட் ரைசிங்’ கேமைப் பழைய பெட்டி டிவியில் ஓட்டியவர்களுக்குத் திரையில் வந்த எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. ஹெச்.டி. திரையை மனதில் வைத்து அமைத்த எழுத்து, சாதாரணத் திரையில் கரைந்துபோனது. 2015-இல் ‘விட்சர் 3’, 2019-இல் ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ என்று பெரிய தயாரிப்புகளிலும் எழுத்து சிறிது என்ற புகார் எழுந்து, வெளியீட்டுக்குப் பிறகு பேட்ச் போட்டுச் சரிசெய்ய வேண்டிவந்தது. இத்தனைக்கும் அவற்றைச் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள். கேம் செய்பவர் மானிட்டரிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து, மனப்பாடமாகிப்போன வரிகளையே தினமும் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு எல்லாம் தெரியத்தான் செய்யும். அதனால் இந்தச் செய்முறையில் கண்ணை நம்பாமல், படிக்குப் படி அளந்தே போகப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய ஹட் (HUD, விளையாடும்போது திரைமேல் தகவல் காட்டும் பகுதி): ஹெல்த் பார், தோட்டா எண்ணிக்கை, நண்பன்–எதிரி குறி, சப்டைட்டில். கருவி கோடோ 4 என்ற கேம் எஞ்சின். யூனிட்டி, அன்ரியல் பயன்படுத்துபவர்களுக்கு மெனுக்கள்தான் மாறும்; படி 4-இல் வரும் ஒரு விதிவிலக்கைத் தவிர எண்கள் மாறாது. இவற்றோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கான்ட்ராஸ்ட் செக்கரும், பிக்சல் அளக்க ஏதாவது ஒரு படத் தொகுப்பு மென்பொருளும் போதும்.

படி 1: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பிக்சல் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது, பார்க்கும் தொலைவும் வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 24 அங்குல 1080பி மானிட்டரில் ஒரு பிக்சலின் உயரம் சுமார் 0.28 மி.மீ. அதில் 18 பிக்சல் எழுத்து 5 மி.மீ. உயரம் வரும். 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் கண்ணில் அது பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 29 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் நிமிடம்). அதே கேமை 40 அங்குல டிவியில் ஓட்டி, 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்காருங்கள். எழுத்து 8 மி.மீ.க்கு வளர்ந்திருக்கும், ஆனால் கோணம் 9.5 ஆர்க் நிமிடத்துக்கு இறங்கிவிடும். திரை பெரிதானது, எழுத்தோ கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

அதனால்தான் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டி இரண்டு தனி அளவுகள் சொல்கிறது. 1080பி திரையில் கணினிக்குக் குறைந்தது 18 பிக்சல், டிவியில் ஓடும் கன்சோலுக்குக் குறைந்தது 26 பிக்சல். 4கே என்றால் இரண்டும் இரட்டிப்பாகும்: 36, 52. கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் 1280×800 திரைக்கு, அதைச் செய்யும் வால்வ் நிறுவனம் சொல்வது, எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, 12 இருந்தால் நல்லது. கேம் எங்கே ஓடும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 26-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் குறைந்தபட்சம்தான். மேலே உள்ள டிவி கணக்கில் 26 பிக்சல் எழுத்து 14 ஆர்க் நிமிடம் மட்டுமே பிடிக்கும். கண்ணாடி போட்டும் பார்வை முழுதாகச் சரியாகாதவருக்கு அது எல்லைக்கோடு.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபான்ட் சைஸ் 26 என்று கொடுத்தால் திரையில் 26 பிக்சல் உயரம் வந்துவிடாது. ஒவ்வொரு ஃபான்ட்டும் தன் கட்டத்துக்குள் எழுத்தை வேறு வேறு அளவில் உட்காரவைக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘கி’-யின் உச்சியிலிருந்து ‘கு’-வின் அடிவரை அளந்து பாருங்கள். குறைந்தால் சைஸை ஏற்றுங்கள்.

படி 2: கோடோவில் அடித்தளம்

புராஜெக்ட் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, விண்டோ பகுதிக்குப் போய் வியூபோர்ட் அகலம் 1920, உயரம் 1080 கொடுங்கள். அங்கேயே ஸ்ட்ரெட்ச் மோடை ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ என்றும், ஆஸ்பெக்டை ‘எக்ஸ்பாண்ட்’ என்றும் வையுங்கள். ‘வியூபோர்ட்’ மோடை எடுத்தால் முழுப் படத்தையும் சிறிதாக வரைந்து பிறகு இழுக்கும். பிக்சல் ஆர்ட்டுக்கு அது அழகு, எழுத்துக்கோ மங்கல். ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ மோடில் எழுத்து திரையின் உண்மையான அளவிலேயே வரையப்படும்.

அடுத்து ஒரு தீம் ரிசோர்ஸ் (எழுத்து, பட்டன் ஆகியவற்றின் தோற்றத்தை ஓரிடத்தில் வைக்கும் கோப்பு) உருவாக்கி, ஜி.யு.ஐ. பகுதியில் கஸ்டம் தீமாக இணையுங்கள். கோடோவின் இயல்பான எழுத்தளவு 16. அதைத் தொடாமல் விட்டால் 1080பி-யில் கணினிக்கான குறைந்தபட்சமே தேறாது. டீஃபால்ட் ஃபான்ட் சைஸை 28 ஆக்குங்கள். தலைப்பு, குறிப்பு என்று வேறு அளவுகள் வேண்டுமானால் அவற்றைத் தீமுக்குள்ளேயே டைப் வேரியேஷனாக, அதாவது தனிப் பெயரிட்ட மாற்று வடிவமாக வையுங்கள். ஒவ்வொரு லேபிளிலும் தனித்தனியாக ஓவர்ரைடு போடாதீர்கள். போட்டால் அடுத்த படியில் அந்த லேபிள்கள் மட்டும் அசையாமல் நிற்கும்.

டிவிகள் சில படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும். ஹட் முழுவதையும் ஒரு மார்ஜின் கன்டெய்னருக்குள் வைத்து இடம் வலம் 96, மேலே கீழே 54 பிக்சல் விடுங்கள். திரையில் 5 சதவீதம்.

படி 3: எழுத்தை 200% வரை பெரிதாக்கும் வசதி

செட்டிங்ஸில் ஒரு ஸ்லைடர்: 100, 125, 150, 175, 200. அதன் மதிப்பைப் பொறுத்துத் தீமின் ஃபான்ட் சைஸை ஸ்கிரிப்டில் மாற்றினால் போதும். டைப் வேரியேஷன்களின் அளவுகளையும் அதே விகிதத்தில் மாற்ற மறக்காதீர்கள். விண்டோவின் கன்டென்ட் ஸ்கேல் ஃபாக்டரை மாற்றுவது எளிதாகத் தோன்றும். ஆனால் 2டி கேமில் அது விளையாட்டு உலகையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். வரும் எதிரி திரைக்கு வெளியே போய்விடுவான்.

200 சதவீதத்தில் முதலில் உடைவது பெட்டிகள்தான். அகலமும் உயரமும் எண்ணாகக் குறித்த பேனலுக்குள் எழுத்து வழிந்து, பக்கத்துப் பட்டன்மேல் ஏறும். பேனல்களை வி-பாக்ஸ், ஹெச்-பாக்ஸ் கன்டெய்னர்களாக மாற்றுங்கள். வரியைத் தானாக மடிக்கும் லேபிளின் ஆட்டோராப் அமைப்பை ‘வேர்ட் ஸ்மார்ட்’ ஆக்குங்கள். நீண்ட பட்டியலை ஸ்க்ரோல் கன்டெய்னருக்குள் வையுங்கள். கேம் முடிந்த பிறகு இந்த வசதியைச் சேர்க்கப் போனால் ஒவ்வொரு மெனுவையும் பிரித்து அடுக்க வேண்டியிருக்கும். முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால் ஒரு நாள் வேலை.

படி 4: கான்ட்ராஸ்ட் (அதிகம் பேர் சறுக்கும் இடம்)

இணையத்துக்கான அணுகல் நெறியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சொல்லும் எண்கள் கேமுக்கும் பொருந்தும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் 4.5:1, பெரிய எழுத்துக்கும் ஐகான், பார் போன்ற உருவங்களுக்கும் 3:1. ஹை கான்ட்ராஸ்ட் மோடு தனியாகக் கொடுத்தால் அதில் 7:1 வைக்கச் சொல்கிறது எக்ஸ்பாக்ஸ் வழிகாட்டி. வெள்ளை மேல் கருப்புக்கு 21:1. அதற்கு மேல் விகிதமே கிடையாது.

இணையப் பக்கத்தின் பின்னணி அசையாது. கேமில் அது நொடிக்கு நொடி மாறும். குகைக்குள் பளிச்சென்று தெரிந்த வெள்ளைத் தோட்டா எண்ணிக்கை, பனிமலைக்கு வந்ததும் காணாமல் போகும்: வெளிர் சாம்பல் (200, 200, 200) மேல் வெள்ளை வெறும் 1.7:1. ஆகவே எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதன் பின்னால் நீங்கள் கட்டுப்படுத்தும் ஒரு பரப்பு வேண்டும்.

அந்தப் பரப்பு, ஓரளவு ஒளி கடக்கும் கருப்புப் பேனல். எவ்வளவு கருப்பு (ஒபாசிட்டி) என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மிக மோசமான நிலையை, அதாவது பின்னால் முழு வெள்ளை இருப்பதாக வைத்துக்கொண்டு, பேனல்மேல் வெள்ளை எழுத்தைக் கணக்கிட்டால் இப்படி வரும்:

50% ஒபாசிட்டி: 4.0:1 (தேறாது)
60%: 5.7:1
70%: 8.5:1
80%: 12.6:1

பலர் அழகுக்காக வைக்கும் 50 சதவீதம் நூலிழையில் தோற்கிறது. இயல்பாக 70 வையுங்கள். அதுவே 7:1-ஐயும் தாண்டிவிடும். விளையாடுபவர் 100 வரை ஏற்றிக்கொள்ள ஒரு ஸ்லைடரும் கொடுங்கள்.

இந்த எண்கள் நிறக் கலப்பு சாதாரண எஸ்.ஆர்.ஜி.பி. மதிப்புகளில் (திரைக்கு அனுப்பும் 0–255 எண்களில்) நடந்தால்தான் சரி. கோடோவின் 2டி இயல்பாக அப்படித்தான் கலக்கிறது. யூனிட்டியில் கலர் ஸ்பேஸ் ‘லீனியர்’ ஆக இருந்தாலோ, கோடோவில் ‘ஹெச்.டி.ஆர். 2டி’-யை இயக்கியிருந்தாலோ கலப்பு லீனியராக, அதாவது உண்மையான ஒளியின் அளவில் நடக்கும். அப்போது அதே 60% பேனல் வெறும் 2.3:1 தருகிறது; 80% கூட 4.2-இல் நின்று தோற்கிறது. 85-க்குப் போனால்தான் 5.25 வரும். டிசைனர் ஃபோட்டோஷாப்பில் பார்த்துச் சரி என்ற பேனல், எஞ்சினுக்குள் வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே செக்கரில் கொடுக்கும் நிறங்களை டிசைன் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஓடும் கேமின் ஸ்கிரீன்ஷாட்டில் ஐட்ராப்பர் வைத்து எடுங்கள். கேமிலேயே வெளிச்சமான இடத்தில் ஒன்று, இருட்டான இடத்தில் ஒன்று, வெடிப்பு நடக்கும் நொடியில் ஒன்று.

பேனல் பொருந்தாத இடங்களில், எதிரி தலைக்கு மேல் மிதக்கும் பெயரைப் போல, எழுத்துக்கு அவுட்லைன் போடுங்கள். 28 அளவு எழுத்துக்கு அவுட்லைன் சைஸ் 6 முதல் 8 வரை கொடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் எழுத்துக்குள் இருக்கும் இடைவெளிகள் அடைபடும். ஒரு பக்கம் மட்டும் விழும் மெல்லிய நிழல் போதாது. மறுபக்க விளிம்பு வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

படி 5: நிறம் மட்டுமே செய்தி சொல்லக் கூடாது

வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு அதிகம். அவர்களில் பலருக்கு ஹெல்த் பாரின் பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரியான பழுப்பு மஞ்சளாகத் தெரியும். பச்சை (0, 160, 0), சிவப்பு (220, 0, 0) என்ற வழக்கமான ஜோடிக்கு இடையே வெளிச்ச வேறுபாடும் 1.5:1 தான். கைகொடுக்க வேறெதுவும் இல்லை.

மசாடகா ஒகாபே, கெய் இட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் தந்த வண்ணத் தொகுப்பு இங்கே உதவும். நண்பனுக்கு வான்நீலம் (86, 180, 233), எதிரிக்குச் செம்மஞ்சள் சிவப்பு (213, 94, 0) எடுங்கள். அடர்ந்த பேனல்மேல் (20, 20, 20) முன்னது 8:1, பின்னது 4.8:1. இரண்டுமே நன்றாகத் தெரியும். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1.7:1 மட்டுமே. நிறமே தெரியாதவருக்கு இதுவும் பயன்படாது. எனவே உருவத்தையும் மாற்றுங்கள்: நண்பனுக்கு வட்டம், எதிரிக்குக் கூர்முனை கீழ்நோக்கிய முக்கோணம். ஹெல்த் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் பாரில் சாய்கோடுகள் வரட்டும், பக்கத்தில் எண் வரட்டும். ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ கேமை இயக்கியவர்களில் ஒருவரான டிம் கெய்ன் நிறக்குறைபாடு உள்ளவர். அந்த கேம் நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதபடி அமைந்தது.

முழுத் திரைக்கும் ஃபில்டர் போட்டுவிட்டு ‘கலர் பிளைண்ட் மோடு’ என்று பெயரிடுவதைத் தவிருங்கள். வானம், தோல், புல் எல்லாவற்றின் நிறமும் கெட்டுப்போகும், குறிகளுக்கு இடையிலான குழப்பம் பல நேரம் அப்படியே இருக்கும். நண்பன், எதிரி, பொருள் ஆகிய மூன்றின் நிறத்தையும் விளையாடுபவரே தேர்வு செய்யவிடுவது இதைவிட எளிது, பயனும் அதிகம்.

படி 6: சப்டைட்டில்

ஒரு நேரத்தில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் வரிக்கு 38 எழுத்துகள் அளவு. 1080பி-யில் 46 பிக்சலில் தொடங்குங்கள். பின்னால் படி 4-இன் பேனல், முன்னால் பேசுபவர் பெயர். ஆங்கிலத்தில் முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் எழுதுவதும் அலங்கார ஃபான்ட்டும் வேண்டாம்.

தமிழில் போடுவதானால் இன்னும் இரண்டு வேலைகள். ‘ஞை’, ‘ணு’, ‘றூ’ போன்றவற்றில் வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் சிறிய அளவில் அடைந்து கறுத்துவிடும். ஆங்கிலத்துக்குப் போட்டதைவிட ஓரிரு அளவு கூட்டி, வரி இடைவெளியையும் ஏற்றுங்கள். இரண்டாவது, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஷேப்பிங். கோடோ 4 ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால் ‘கொ’ சரியாக வரும். யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ இந்த வேலையைச் செய்வதில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘கொடு, தேர்வு, பௌர்ணமி’ என்ற மூன்று சொற்களைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

படி 7: சோதனை

விண்டோஸ் செட்டிங்ஸில் கலர் ஃபில்டரை கிரேஸ்கேலாக்கிக் கேமை ஒரு லெவல் ஆடுங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் நிறக்குறைபாட்டைப் பாவனை செய்யும் வசதி இருக்கிறது. கணினிக்குக் கலர் ஆரக்கிள் என்ற இலவச மென்பொருள் உண்டு. பிறகு ஒரு டிவியில் இணைத்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கேமைப் பார்த்திராத ஒருவரை மெனுவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் முன்னால் சாய்ந்தாலோ கண்ணைச் சுருக்கினாலோ அந்தத் திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் ‘தெரிகிறது’ என்று சொன்னாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். இதோடு, எந்த ஒளியும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னவில்லை என்பதையும் சரிபாருங்கள். ஒளி உணர்திறன் உள்ள வலிப்புக்காரர்களுக்கு அது ஆபத்து.

கடைசியாக, இந்த அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்பது. எழுத்தளவு ஸ்லைடர் மூன்று மெனு தாண்டி இருந்தால், எழுத்தே தெரியாதவர் அங்கே எப்படிப் போய்ச் சேருவார்? கேமை முதல்முறை திறந்ததும், அறிமுகக் காட்சிக்கும் முன்னால், எழுத்தளவு, பேனல் ஒபாசிட்டி, சப்டைட்டில், குறி நிறங்கள் ஆகிய நான்கையும் ஒரே திரையில் காட்டுங்கள். அந்தத் திரையின் எழுத்து மட்டும் 200 சதவீதத்தில் தொடங்கட்டும். தேர்வுகளைக் கான்ஃபிக்ஃபைலில் சேமித்து, ஆட்டோலோட் ஸ்கிரிப்டில் படியுங்கள். முதன்மைக் காட்சி ஏறுவதற்கு முன்பே அது ஓடிவிடுவதால், அடுத்த முறை திறக்கும்போது முதல் எழுத்தே அவர் தேர்ந்தெடுத்த அளவில் வரும்.