ஸ்பிரிட் பஞ்சை எடுக்குமுன்

பழைய படப்பாட்டு இசைத்தட்டு கையில் கிடைத்ததும் முதலில் துடைக்கத்தான் மனம் ஓடும். பொறுங்கள். 1950களின், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். மட்டக்களப்புக் கல்லடியில் என் மாமா ஆசையோடு தேடி வாங்கிய தட்டொன்றை நான்தான் ஸ்பிரிட் பஞ்சால் 'பளபளப்பாக்கினேன்'. பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது அழுக்கல்ல, பாட்டு. மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அரக்குத் தட்டு தடித்தது, கனமானது; கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். பிளாஸ்டிக் வகையான வினைல் தட்டு சற்று வளைந்து கொடுக்கும். அரக்குத் தட்டைக் காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் வரிகளின் (பாட்டுப் பதிந்த பள்ளங்களின்) போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபல் நனையக்கூடாது. எல்பி எனப்படும் வினைல் தட்டுக்கான ஊசியை இதில் வைக்காதீர்கள். 78இன் வரி அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும்.

வாவிக்கரை வீடுகளில் மார்கழி மழைக்கு உறையெல்லாம் பூஞ்சணம் பூக்கும். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். ஈரம் பிடித்த அட்டை உறையைத் தனியே நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்த வினைல் அப்பளம்போல நெளிந்துவிடும்.

வாங்கும்போது உறையிலுள்ள இலக்கத்தையும் லேபலிலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அபூர்வப் படத்தின் உறைக்குள் வேறு படம் இருப்பது நடக்கிற சங்கதிதான்.