திட எலக்ட்ரோலைட் ஆய்வில் கால் சறுக்கும் இடங்கள்

பேட்டரியில் திரவத்துக்குப் பதிலாக அயனிகளைக் கடத்தும் திடப்பொருள்தான் திட எலக்ட்ரோலைட். இரண்டு லித்தியம் தகடு, நடுவே அந்தப் பொருளின் பொடியை அழுத்திச் சுட்ட வில்லை, அதாவது ஒரு பெல்லட். ஒரு மணி நேரம் இந்தப் பக்கமாக மின்னோட்டம், அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பக்கமாக. முதல் இரண்டு நாள் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் சட்டென்று இறங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. இன்டர்ஃபேஸ், அதாவது தகடும் பெல்லட்டும் தொடும் இடம், நன்றாகப் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் கோடு அசையவே இல்லை. அந்த மூன்று வாரமும் செல் செத்துக் கிடந்தது. லித்தியம் நூலிழைபோல வளர்ந்து, பெல்லட்டைத் துளைத்துக்கொண்டு எதிர்த் தகட்டைத் தொட்டிருந்தது. அயனி போக வேண்டிய வழியில் எலக்ட்ரான் ஓடிக்கொண்டிருந்தது.

திட எலக்ட்ரோலைட்டில் புதிதாக வேலை தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஷார்ட் என்றால் வோல்டேஜ் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று எதிர்பார்ப்போம். மெல்லிய இழை ஒன்றோ இரண்டோதான் தொட்டிருந்தால் அப்படிப் போகாது, பத்து மில்லிவோல்ட்டில் ஒழுக்கமாக நிற்கும். பார்க்க நல்ல செல் மாதிரியே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு பேனா போதும். பெல்லட் 1 மில்லிமீட்டர் தடிமன், பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிசீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை சுமார் 330 ஓம். 0.1 மில்லிஆம்பியர் செலுத்தினால் பெல்லட் மட்டுமே 33 மில்லிவோல்ட் காட்டியாக வேண்டும், இன்டர்ஃபேஸின் தடை அதற்கு மேல். என் செல் காட்டியது 12. ஓமின் விதியைவிட நல்ல செல் செய்துவிட்டேன் என்று நான் நம்பியிருக்கிறேன், அவ்வளவுதான்! இப்போதெல்லாம் ஓட்டத் தொடங்கும் முன்பு ஒரு முறை, நடுவில் சில முறை இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்தில் அளக்கும் தடை) எடுக்காத சைக்கிளிங் படத்தை, அதாவது மின்னோட்டத்தை மாற்றி மாற்றி ஓட்டிய வோல்டேஜ் கோட்டை, நான் நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

இழை எப்படி நுழைகிறது என்பதில் இன்னொரு தப்பெண்ணம் உண்டு. மென்மையான லித்தியம், கல்போன்ற பீங்கானை எப்படித் துளைக்கும்? 2005இல் மன்ரோ, நியூமன் இருவரும் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எலக்ட்ரோலைட்டின் சறுக்குக் குணகம் (பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு வளைந்து கொடுக்காத விறைப்பு) லித்தியத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் இழை வளராது என்பது அதன் சாரம். கார்னெட் வகைப் பீங்கானில் இது பத்து மடங்குக்கும் மேல், ஆனாலும் துளைக்கிறது. ஓட்டை, விரிசல் எதுவும் இல்லாத பரப்புக்கானது அந்தக் கணக்கு. நம் பெல்லட்டில் நுண்துளைகள் இருக்கும், துகள்களுக்கு நடுவே எல்லைகள் இருக்கும், பாலிஷ் போட்டபோது விழுந்த கீறல் இருக்கும். லித்தியம் அந்தச் சந்துகளில்தான் புகுந்து போகிறது. கடினத்தன்மையை நம்பி அடர்த்தியைக் கோட்டை விடாதீர்கள்.

கார்னெட் என்றதும் ஒரு சின்ன விலகல். நவரத்தினத்தில் வரும் கோமேதகம் கார்னெட் இனக் கல். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரை மணலிலும் கார்னெட் கிடக்கிறது. அதே படிக அமைப்பில் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த பொருளை 2007இல் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூவரும் வெளியிட்டார்கள். மேலே கணக்குக்கு எடுத்த 0.3 மில்லிசீமென்ஸ், அறை வெப்பநிலையில் அந்தப் பொருளின் எண்தான். முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் தொடர்ந்து உழைத்தார்.

அந்தப் பொருளைத் தயாரிப்பதில் ஒரு பழைய குழப்பம் உண்டு. நன்றாகக் கடத்துவது கனசதுர வடிவம். இன்னொரு வடிவம் நாற்கோண வடிவம், அதன் கடத்துதிறன் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஒரே செய்முறையில் ஒருவருக்கு இது வந்தது, இன்னொருவருக்கு அது வந்தது. குற்றவாளி பொடியைச் சுடும் கிண்ணமான குரூசிபிள் என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. அலுமினா குரூசிபிளில் சுட்டால் கொஞ்சம் அலுமினியம் பொடிக்குள் ஊறி, கனசதுர வடிவத்தை நிலைநிறுத்திவிடுகிறது. மெக்னீசியாவிலோ பிளாட்டினத்திலோ சுட்டவர்களுக்கு அந்தத் தற்செயல் உதவி கிடைக்கவில்லை. இன்று அலுமினியமோ டான்டலமோ கேலியமோ வேண்டுமென்றே சேர்க்கிறோம். ஆனாலும் எந்தக் குரூசிபிள் என்று நோட்டில் எழுதாத மாணவரை இன்னும் பார்க்கிறேன்.

அடுத்தது எடைபோடுவது. லாந்தனம் ஆக்சைடு காற்றில் உள்ள ஈரத்தை விடாமல் இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக இல்லாத பாட்டில் என்றால் உள்ளே இருப்பது ஆக்சைடே அல்ல, பெரும்பாலும் ஹைட்ராக்சைடு. பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. அதை ஆக்சைடு என்று நினைத்து எடைபோட்டால் லாந்தனம் 14 சதவீதம் வரை குறைந்துவிடும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் அடையாளம் தெரியாத சிகரங்கள் வந்து நிற்கும், மாணவர் உலையைத் திட்டுவார். எடைபோடும் முன் 900 டிகிரியில் சுட்டு, ஆறியதும் ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியிலிருந்து நேராகத் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பக்கமோ இதற்கு நேர்மாறு, அதிக வெப்பத்தில் ஆவியாகி ஓடிவிடும். அதனால் வழக்கமாக 10 சதவீதம் கூடுதலாகப் போட்டு, பெல்லட்டை அதே பொடியால் மூடிச் சுடுகிறோம்.

சுட்ட பெல்லட்டையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. ஈரமும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து மேலே லித்தியம் கார்பனேட் தோலை உருவாக்கும். உருகிய லித்தியம் அந்தத் தோலின்மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும், ஒட்டாது. ஈரமும் காற்றும் புகாத குளோவ் பாக்ஸுக்குள் தேய்த்து எடுத்தோ சூடாக்கியோ தோலை நீக்கினால் பரவிப் பிடிக்கும். கார்னெட்டுக்கும் லித்தியத்துக்கும் ஆகவே ஆகாது என்று ஒரு காலத்தில் சொன்னதில் பெரும்பகுதி இந்தத் தோல் செய்த வேலை.

கடத்துதிறன் எண்ணைப் படிப்பதிலும் சறுக்குவோம். ஜப்பானில் கன்னோ குழு 2011இல் வெளியிட்ட ஜெர்மானியம் கலந்த சல்ஃபைடு, அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு 12 மில்லிசீமென்ஸ், அதாவது திரவ எலக்ட்ரோலைட்டுக்கு ஈடு. மறுபக்கம் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1990களில் உருவான லிப்பான் என்ற கண்ணாடிபோன்ற எலக்ட்ரோலைட், அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மந்தம். எண்ணை மட்டும் பார்த்தால் லிப்பானை அன்றே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அதை 1 மைக்ரான் படலமாகப் படியவைக்க முடியும், அப்போது சதுர சென்டிமீட்டருக்குத் தடை சில பத்து ஓம்தான். நாம் கணக்குப் போட்ட கார்னெட் பெல்லட்டுக்கோ 330. தடிமன் சொல்லாத கடத்துதிறன், முழம் சொல்லாத பூ விலை மாதிரி. துகளுக்குள் உள்ள எண்ணா, துகள் எல்லைகளையும் சேர்த்த மொத்த எண்ணா என்பதையும் கேளுங்கள். டைட்டானியம் கலந்த பெரோவ்ஸ்கைட் வகையில் இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம் வரும், கட்டுரைச் சுருக்கத்தில் பெரிய எண் மட்டும் நிற்கும்.

வோல்டேஜ் தாங்கும் எல்லை விஷயத்தில் இந்தத் துறையே கூட்டாக ஏமாந்தது. அந்த 2011 சல்ஃபைடு 5 வோல்ட் வரை சிதையாது என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினோம். பெல்லட்டின்மேல் தட்டையான உலோகத் தகட்டை வைத்து ஸ்கேன் செய்தால், அதாவது வோல்டேஜை மெல்ல ஏற்றி மின்னோட்டத்தைப் பார்த்தால், அப்படித்தான் தெரியும். தொடும் பரப்பு அவ்வளவு குறைவு, சிதைவின் மின்னோட்டம் கோட்டோடு கோடாக மறைந்துவிடும். 2015இல் மேரிலாந்தில் மோ குழு செய்த கணக்கீட்டில் உண்மையான எல்லை ஏறக்குறைய 1.7இலிருந்து 2.1 வோல்ட் வரைதான். எலக்ட்ரோலைட் பொடியோடு கார்பனைக் கலந்து ஸ்கேன் செய்தால் சிதைவு பளிச்சென்று வெளியே வரும். நிஜ மின்முனையிலும் கார்பன் அப்படித்தான் எங்கும் கலந்து கிடக்கிறது, ஆகவே அதுதான் நேர்மையான சோதனை.

அழுத்தத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1 மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 10 கிலோ பாரம். ஆய்வுக்கூடத்தில் 50 மெகாபாஸ்கலில் முடுக்கி வைத்து அருமையான முடிவு காட்டலாம். கார் பேட்டரியில் அவ்வளவு பாரத்தைத் தாங்க இரும்புக் கூண்டு கட்டினால் மிச்சப்படுத்திய எடை எல்லாம் அதிலேயே போய்விடும். கூடுதல் அழுத்தம் எப்போதும் நல்லது என்பதும் தவறு. சான் டியேகோவில் மெங் குழு 2020இல் வெளியிட்ட சோதனையில், லித்தியம் உலோகத்தோடு 5 மெகாபாஸ்கலில் செல் 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 75இல் மின்னோட்டம் செலுத்தும் முன்பே ஷார்ட். லித்தியம் பிசைந்த மாவுபோல நுண்துளைகளுக்குள் பிதுங்கிப் போயிருந்தது.

கடைசியாகப் பாதுகாப்பு. திடம் என்றால் தீப்பிடிக்காது என்பதை விளம்பரத்தோடு விட்டுவிடுங்கள். பாரிஸில் 2022 ஏப்ரலில் ஒரே மாதத்துக்குள் இரண்டு மின்பேருந்துகள் எரிந்தன, 149 பேருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவற்றில் இருந்தது பாலிமர் திட எலக்ட்ரோலைட். லித்தியம் உலோகம் உள்ளே இருக்கும்வரை எரிவதற்குப் பொருள் இருக்கிறது.

சல்ஃபைடில் வேலை செய்பவர்களுக்குத் தீயைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு. பொடியில் ஈரம் பட்டால் வரும், அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் வந்தால் வெளியே போய்க்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாயு போய்விட்டது என்று தோன்றும் நேரம்தான் அது நிறைந்திருக்கும் நேரம். சட்டையில் ஒரு அலாரம் மீட்டர் வேண்டும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால், தரையை ஒட்டிச் சுவரில் இன்னொன்றும் வேண்டும்.